பிறப்புப் பத்திரத்தில் ஒரு கிரேக்கச் சொல்

மகளுக்கு ஒரு விண்ணப்பப் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. இரவுச் சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்துவிட்டு, அலுமாரியில் பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்த பிறப்பத்தாட்சிப் பத்திரங்களை எடுத்துப் பரப்பினேன். அவளுடையது, என்னுடையது, என் உம்மாவுடையது. உம்மாவுடைய பத்திரம் மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது. பின்புறம் ஒட்டிய டேப்பும் காய்ந்து தேன் நிறமாகியிருந்தது. யாரோ ஒரு பதிவாளர் மைப்பேனையால் சாய்த்து எழுதிய எழுத்து மட்டும் இன்னும் மங்கவில்லை.

தந்தையின் இனம் என்ற கட்டத்தில் உம்மாவுக்கு ஆங்கிலத்தில் "சிலோன் மூர்" என்று எழுதியிருந்தது. எனக்குத் தமிழில் "இலங்கைச் சோனகர்". மகளுக்குச் சிங்களத்தில் "லங்கா யோனக". மகள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"உம்மா, இது மூணும் ஒண்டா?"

"ஒண்டுதான் மகள்."

"அப்ப ஏன் மூணு பேர் எழுதி ஈக்கி? நாங்க முஸ்லிம்தானே. சோனகர் எண்டா என்ன?"

பதினெட்டு வருஷமாகத் தமிழ் படிப்பிக்கிறேன். அகராதி பார்க்காமல் ஆயிரம் சொல்லுக்குப் பொருள் சொல்லுவேன். என் தலையில் எழுதியிருந்த அந்த ஒரு சொல்லுக்கு அன்று இரவு என்னால் பொருள் சொல்ல முடியவில்லை. "பொறகு சொல்றேன்" என்று படிவத்தை மூடினேன். அந்தப் "பொறகு" கிட்டத்தட்ட ஒரு வருஷமாயிற்று. இந்தக் கட்டுரை அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்த பதில்தான்.

நாங்கள் இருப்பது கொழும்பு 12. ஆங்கிலத்தில் ஹல்ஃப்ட்ஸ்டோர்ப். 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடிக்க நடந்த முற்றுகையில் செத்துப்போன ஹல்ஃப்ட் என்ற டச்சுத் தளபதியின் பெயர் அது. தமிழில் எங்களுக்குப் புதுக்கடை, சிங்களத்தில் அளுத்கடே. நடந்து போகும் தூரத்தில் பழைய சோனகத் தெரு. கடைக்காரரும் திரீவீல்காரரும் "ஓல்ட் மூர் ஸ்ட்ரீட்" என்றுதான் சொல்வார்கள். இரும்புக் கடை, பெயின்ட் கடை, மூட்டை சுமக்கும் நாட்டாமிமாரின் தள்ளுவண்டி என்று எப்போதும் நெரிசல். அந்தத் தெருவால் நடந்து நடந்தே வளர்ந்தவள் நான். தெருவின் பெயர் என் பெயர் என்று எனக்கு ஒருநாளும் உறைத்ததில்லை.

முதலில் மூர். என் நானா, அதாவது அண்ணன், ஒருவர் வெளிநாட்டுக்குப் படிக்கப் போக விசாவுக்கு விண்ணப்பித்தபோது, பத்திரத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்தார். சாளரத்துக்கு அப்பால் இருந்த உத்தியோகத்தர் அதைப் பார்த்துவிட்டு, உங்கள் குடும்பம் மொரோக்கோவிலிருந்து எப்போது வந்தது என்று கேட்டாராம். நானாவுக்குப் பதில் வரவில்லை. தன்னைப் பொய்யன் என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம் வந்துவிட்டது. விசா பிந்தியது. அதற்கு இதுதான் காரணமா தெரியாது, ஆனால் வாப்பா கடைசி வரை இதைத்தான் காரணமாகச் சொன்னார்.

அந்த உத்தியோகத்தர் கேட்டதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. மூர் என்ற சொல் உண்மையிலேயே மொரோக்கோப் பக்கத்துச் சொல். ரோமர் காலத்தில் ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு மௌரிட்டேனியா என்று பெயர். இன்றைய மொரோக்கோவும் அல்ஜீரியாவின் வடபகுதியும் சேர்ந்த நிலம் அது. அங்கே வாழ்ந்தவன் மௌருஸ். 711இல் அந்தக் கரையிலிருந்து முஸ்லிம் படை கடலைக் கடந்து ஸ்பெயினுக்குள் போனது. அதன்பிறகு ஐபீரிய மக்களின் வாயில் அந்தச் சொல் ஊர்ப்பெயராக இருப்பதை விட்டுவிட்டு மதப்பெயராகிவிட்டது. போர்த்துக்கேயருக்கு மூரோ, ஸ்பானியருக்கு மோரோ. இரண்டுக்கும் பொருள் முஸ்லிம், அதிலும் எதிரியான முஸ்லிம். 1492இல் கிரனாடா விழுந்தது. அதற்குப் பதின்மூன்றே வருஷம் கழித்து, 1505இல், போர்த்துக்கேயக் கப்பல் கொழும்புக்கு வந்தது. துறைமுகத்தில் கறுவாவும் பாக்கும் வாங்கி விற்றுக்கொண்டிருந்த மனிதர்கள் தொழுவதைக் கண்டார்கள். அவர்களிடம் பெயர் கேட்கத் தேவை இருக்கவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த பெயர் கையில் தயாராக இருந்தது.

இதே சொல்லை ஸ்பானியர் இன்னும் கிழக்கே கொண்டுபோனார்கள். பிலிப்பைன்ஸின் மின்டனாவோத் தீவில் முஸ்லிம்களைக் கண்டு அவர்களுக்கும் மோரோ என்று பெயர் வைத்தார்கள். அந்த மக்கள் அதைத் தூக்கி எறியாமல் தங்கள் கொடியில் ஏற்றிக்கொண்டார்கள். பங்சாமோரோ என்று இன்று அங்கே ஒரு தன்னாட்சிப் பிரதேசமே இருக்கிறது. பங்சா என்பது நம் வம்சம்தான். மோரோ வம்சம். மொரோக்கோக்காரனும் மின்டனாவோக்காரனும் புதுக்கடைக்காரியும் ஒரு பெயரைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறோம். எங்கள் மூவருக்கும் ஒரே பாட்டன் இருந்ததால் அல்ல, ஒரே எதிரி பெயர் வைத்ததால். இதை முதன்முதலில் விளங்கிக்கொண்ட அன்று எனக்கு நெஞ்சு கனத்தது. 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் கையிலிருந்த பகுதிகளிலிருந்து இந்த "மூர்களை" விரட்டினார்கள் என்றும், கண்டி மன்னன் செனரத் அவர்களில் பலரைக் கிழக்கே மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்றும் சரித்திரத்தில் படிக்கிறோம். விரட்டுவதற்கான பட்டியலை எழுதும்போது இந்தப் பெயர்தான் அவர்களுக்கு உதவியிருக்கும்.

சரி, மூர் வெளியார் பெயர். சோனகர் நம் தமிழ்ப் பெயர்தானே என்று ஆறுதலோடு அந்தப் பக்கம் திரும்பினேன். அங்கேதான் அதிர்ச்சி.

என் உம்மும்மா கட்டிலுக்குக் கீழே ஒரு பழுப்புப் போத்தல் வைத்திருப்பா. மூட்டு வலிக்கு யூனானி எண்ணெய். மூடியைத் திறந்தால் வீடு முழுக்க மணம் போகும். நான்தான் முழங்காலுக்குத் தேய்த்துவிடுவேன். யூனானி என்றால் என்ன என்று அந்த வயதில் கேட்டதில்லை. யூனான் என்பது அரபியில் கிரேக்க நாடு. கிரேக்க வைத்தியர்களின் முறையை அரபு மொழியில் வளர்த்தெடுத்த வைத்தியம் என்பதால் யூனானி வைத்தியம். அந்த யூனான் எங்கிருந்து வந்தது? இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் அயோனியா என்றொரு பகுதி இருந்தது. அங்கே கிரேக்கர் வாழ்ந்தார்கள். கிழக்கே இருந்த பாரசீகருக்கு முதலில் பழக்கமான கிரேக்கர் அவர்கள்தான், அதனால் கிரேக்கர் எல்லோரையும் யௌனா என்றார்கள். அந்தப் பெயர் இந்தியாவுக்குள் வந்து சமஸ்கிருதத்தில் யவன, பாளியில் யோன ஆனது. அசோகனின் கல்வெட்டில் யோன அரசன் வருகிறான். பண்டுகாபயன் அநுராதபுரத்தில் யோனருக்கென்று இடம் ஒதுக்கினான் என்று மகாவம்சம் சொல்கிறது. தமிழில் யவனர். பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் யவனர் கப்பலை அகநானூற்றில் பார்க்கலாம்.

யோன, யோனக, சோனக. அவ்வளவுதான். என் உம்மும்மாவின் முழங்காலில் நான் தேய்த்த எண்ணெயின் பெயரும் அவவுடைய இனத்தின் பெயரும் ஒரே சொல். கையில் எண்ணெய் வழிய நான் அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கிரேக்கக் கப்பல்கள் வருவது நின்று, அதே கடல் வழியால் அரபிகளும் பாரசீகரும் வந்தபோது தமிழர் புதுப் பெயர் தேடவில்லை. மேற்குக் கடலிலிருந்து கப்பலில் வரும் வியாபாரி என்றால் சோனகன். 11ஆம் நூற்றாண்டிலேயே தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் சோனகன் சாவூர் என்று ஒருவர் வருகிறார். ஆகவே மகளின் கேள்விக்குச் சுருக்கமான விடை இது: அவளுடைய உம்மும்மாவின் பத்திரப்படி நாங்கள் ஆங்கிலத்தில் மொரோக்கோக்காரர். என் பத்திரப்படி தமிழில் கிரேக்கர். அவளுடைய பத்திரத்தில் சிங்களத்திலும் கிரேக்கர். மூன்று பத்திரத்திலும் எங்கள் வீட்டிலிருந்து போன சொல் ஒன்றுமே இல்லை.

உம்மும்மா ஒருநாளும் "நாங்க சோனகர்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "நம்மட ஆக்கள்" என்பா. மிஞ்சிப் போனால் "இஸ்லாமான ஆக்கள்".

இன்னும் மூன்று பெயர் எங்களுக்கு உண்டு, பத்திரத்தில் ஏறாதவை. சிங்களத்தில் "மரக்கல" என்பார்கள். அது நம் மரக்கலம். கப்பல்காரர். இன்னொன்று சம்மான்காரர். சம்மான் என்பது சம்பான், சீனத்திலிருந்து மலாய் வழியாக இந்தக் கடல்களுக்கு வந்த சிறு மரக்கலத்தின் பெயர். அம்பாந்தோட்டை அந்தச் சம்பான் வந்து கட்டிய துறை. இந்தியக் கரையிலிருந்து வந்து போன முஸ்லிம் வியாபாரிகளைச் சம்மான்காரர் என்று நம்மட ஆக்களே சொல்வார்கள். புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில், சிவப்பும் வெள்ளையும் கோடு கோடாக, மாதுளம்பழம் போல் குவிமாடம் வைத்து 1909இல் கட்டி முடித்த பள்ளிவாசலைச் சுற்றுலாப் பயணிகள் சிவப்புப் பள்ளி என்று படம் எடுக்கிறார்கள். எங்களுக்கு அது சம்மாங்கோட்டுப் பள்ளி.

மூன்றாவது பெயரைச் சொல்வதற்கே கொஞ்சம் மனசைத் திடப்படுத்த வேண்டும். எனக்குப் பத்துப் பதினொரு வயசு. வாப்பாவோடு மருதானைக்கு பஸ்ஸில் போகிறேன். வாப்பா தொப்பி போட்டிருந்தார். நெரிசலில் அவருடைய முழங்கை பக்கத்தில் நின்ற ஒருவர் மேல் பட்டுவிட்டது. அந்த மனுசன் திரும்பி "தம்பியா" என்றார். அதற்குப் பிறகு சொன்னதை எழுதவில்லை. சுற்றி இருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். வாப்பா மன்னிப்புக் கேட்டார். இறங்கிய பிறகு என் கையைப் பிடித்து நடந்தார், ஒன்றும் பேசவில்லை. பாதி வழியில் நின்று, "தம்பி எண்டு எங்கட வாயில வார சொல்லுதான் மகள், அதத்தான் அவங்க அப்பிடி ஆக்கினது" என்றார். ஒருவரை ஒருவர் தம்பி, தம்பி என்று கூப்பிட்டு வியாபாரம் செய்த மனிதர்களைப் பார்த்து, அந்த அன்பான சொல்லையே எடுத்து வசவாக்கியிருக்கிறார்கள். சொல்லில் குற்றமில்லை என்று அன்றைக்கு விளங்கிக்கொண்டேன், ஆனால் இன்று வரை பஸ்ஸில் யாராவது தன் தம்பியை உரக்கக் கூப்பிட்டால் ஒரு கணம் என் தோள் சுருங்குகிறது.

எங்கள் பாடு இது என்றால் கொம்பனித்தெருவில் என் சிநேகிதியின் பாடு வேறு. அவள் மலாய். ஆசிரியப் பயிற்சிக் காலத்திலிருந்து பழக்கம். அவளுடைய வீட்டுக்கு ஜாவா லேன் பக்கத்தால் போக வேண்டும். போகும் போதெல்லாம் பிட்டும் பாபத்தும் கிடைக்கும். பாபத் என்றால் மாட்டுக் குடல். அவளுடைய மாமி முதல்நாளே சுத்தம் செய்து, சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து, நார் மெத்தென்று ஆகும் வரை அவித்து வைப்பா. மசாலா குடலின் மடிப்புக்குள் இறங்கியிருக்கும். பிட்டைப் பிசைந்து வாயில் வைத்தால் பேச்சு நின்றுவிடும். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் போது நான் பேச்சுவாக்கில் "ஜாவா ஆக்கள்ர கை தனிதான்" என்று சொல்லிவிட்டேன். புகழ்ச்சியாகத்தான் சொன்னேன். மாமியின் அகப்பை கொஞ்சம் நின்றது. பிறகு மெதுவாகச் சொன்னா: "நாங்க மெலாயு மகள். ஜாவா எண்டு நீங்கதான் சொல்ற."

அன்று தலை குனிந்து சாப்பிட்டேன். அவ சொன்னது எவ்வளவு சரி என்று பிறகுதான் தேடித் தெரிந்துகொண்டேன். டச்சுக்காரரின் கிழக்கிந்தியக் கொம்பனி, படைவீரர்களையும் நாடுகடத்தப்பட்டவர்களையும் பத்தாவியாவிலிருந்து, அதாவது இன்றைய ஜகார்த்தாவிலிருந்து, கப்பலேற்றி இங்கே அனுப்பியது. பத்தாவியா ஜாவாவில் இருக்கிறது. வந்தவர்கள் எல்லோரும் ஜாவாக்காரர் அல்ல. மதுரா, அம்போன், சுலவேசி என்று பல தீவு. மகஸ்ஸாரைச் சேர்ந்த பெரியார் ஷெய்கு யூசுஃப் 1684இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு, பத்து வருஷம் கழித்துத் தென்னாப்பிரிக்காவின் கேப்புக்கு அனுப்பப்பட்டார். அவர் சுலவேசிக்காரர். மாத்தரம் அரசன் மூன்றாம் அமங்குராத் 1708இல் வந்தான், அவன் ஜாவாக்காரன்தான். எல்லோரையும் சேர்த்துக் கப்பல் புறப்பட்ட தீவின் பெயரால் சிங்களவர் "ஜா மினிஸ்ஸு" என்றார்கள், தமிழர் சாவகர் என்றார்கள். ஜா எல, ஜாவத்தை, வடக்கே சாவகச்சேரி எல்லாம் அந்தப் பெயரின் தடம். சாவகச்சேரி டச்சுக் காலத்துக்கும் முந்திய தடம். 13ஆம் நூற்றாண்டில் சந்திரபானு என்ற சாவக அரசன் படையோடு இலங்கைக்கு வந்திருக்கிறான்.

அந்தத் தீவுகளின் மனிதர்கள் இங்கே வந்து ஒரே பாளையத்தில் கிடந்து, தங்களுக்குள் பொதுவாக இருந்த மலாய் மொழியைப் பேசி, மெலாயு என்று தங்களுக்குத் தாங்களே ஒரு பெயர் எடுத்தார்கள். மொழியால் எடுத்த பெயர் அது. பிரிட்டிஷ்காரரின் இலங்கை ரைஃபிள் படையில் சேவகம் செய்தவர்கள், 1873இல் அந்தப் படை கலைக்கப்பட்ட பிறகு பொலிசுக்கும் தீயணைப்புக்கும் தோட்டங்களுக்கும் போனார்கள். கொம்பனித்தெருவில் ரைஃபிள் தெரு இன்னும் இருக்கிறது. கொம்பனித்தெருவின் "கொம்பனி"யும் அந்த டச்சுக் கொம்பனிதான் என்று சொன்னபோது என் சிநேகிதியே நம்பவில்லை. அதே இடத்துக்கு அண்மைக்காலம் வரை ஆங்கிலத்தில் "ஸ்லேவ் ஐலண்ட்", அடிமைத் தீவு. டச்சுக்காரர் ஆப்பிரிக்க அடிமைகளை அடைத்து வைத்த இடம். அந்த முகவரியை எழுதி எழுதி வளர்ந்த பிள்ளைகள் எத்தனை!

பறங்கியர் கதையில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. டச்சுக்காரருக்குப் பேர்கர் என்றால் நகரக் குடிமகன். கொம்பனியில் சம்பளம் வாங்காமல் இங்கேயே தொழில் செய்து வாழ்ந்தவனை சுதந்திரக் குடிமகன் என்றார்கள். 1796இல் பிரிட்டிஷ்காரர் கொழும்பைப் பிடித்த பிறகும் போகாமல் தங்கியவர்களுக்கு அந்தப் பெயர் நின்றது, பின்னால் போர்த்துக்கேய வழியினரும் அதற்குள் வந்தார்கள். ஊர், மதம், நிறம் எதையும் சொல்லாமல் "இந்த நகரத்தவன்" என்று மட்டும் சொல்லும் பெயர். கொழும்பில் இருக்கும் இனப்பெயர்களிலேயே இதுதான் மதிப்பான பெயர் என்பது என் எண்ணம். தமிழில் நாம் அதை மொழிபெயர்க்கவில்லை. பறங்கியர் என்றோம். பிரான்சுக்குப் பெயர் கொடுத்த ஃபிராங்க் என்ற ஜேர்மானியக் கூட்டத்தின் பெயரைச் சிலுவைப் போர்க் காலத்தில் அரபிகள் ஐரோப்பியர் எல்லோருக்கும் வைத்தார்கள். அது பாரசீகத்தில் ஃபரங்கி ஆகி நம்மிடம் பறங்கி ஆனது. பூசணியில் ஒன்றைப் பறங்கிக்காய் என்றும், உடம்பெல்லாம் புண் வரும் ஒரு நோயைப் பறங்கி வியாதி என்றும் சொன்ன அதே வாயால் மனிதரையும் சொன்னோம். மூர் என்று எங்களுக்குப் போர்த்துக்கேயர் செய்ததைத்தான் பறங்கி என்று நாம் அவர்களுக்குச் செய்தோம். இதை என் மாணவர்களுக்குச் சொல்லும்போது வகுப்பு அமைதியாகிவிடும்.

சிங்களத்தில் அவர்களுக்கு "லன்சி". ஹொலண்ட்ஸ் என்பதன் தேய்வு.

மேமன், போரா, பார்சி, சிந்தி: புறக்கோட்டையிலும் கொள்ளுப்பிட்டியிலும் கடை வைத்திருக்கும் இவர்கள் பெயரில் சிக்கல் குறைவு. பார்சி என்றால் பாரசீகத்தவர், சிந்தி சிந்து நாட்டவர், போரா என்பது குஜராத்தியில் வியாபாரம் செய்வதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மேமன் என்பது முஃமின், ஈமான், அதாவது நம்பிக்கை, கொண்டவர். கொழும்புச் செட்டிகள் கிறிஸ்தவர்கள், செட்டியார் தெரு நகைக்கடைச் செட்டியார்கள் வேறு. ஆனாலும் சிரேஷ்டி என்ற அதே சமஸ்கிருதச் சொல்தான் இருவருக்கும், சிங்களத்தில் ஹெட்டி. 1859இல் தமிழ்ப் புலவர் சரித்திரத்தை ஆங்கிலத்தில் எழுதிய சைமன் காசிச்செட்டி இந்தச் சமூகத்தவர்.

மேமன் என்று எழுதும்போது எனக்கு இன்னொரு பெயரை எழுதாமல் விட மனம் வரவில்லை. புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பையடியில் ஆப்பிரிக்க வழியினர் சிலர் வாழ்கிறார்கள். போர்த்துக்கேயரும் டச்சுக்காரரும் பிரிட்டிஷ்காரரும் அடிமைகளாகவும் படைவீரராகவும் கொண்டுவந்தவர்களின் வழி. மஞ்ஞா என்ற பாட்டை இன்னும் போர்த்துக்கேயக் கலப்பு மொழியில் பாடுகிறார்கள். தமிழில் அவர்களுக்குக் காப்பிரி என்று பெயர். அது காஃபிர் என்ற அரபுச் சொல். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் அரபிகள் இஸ்லாத்தை ஏற்காத உள்நாட்டு மக்களை அப்படிச் சொல்ல, போர்த்துக்கேயர் அதைக் கேட்டு, கறுப்பு மனிதனுக்கு அதுதான் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். சிரம்பையடிக்காரர் கத்தோலிக்கர், கோயிலுக்குப் போகிறவர்கள், நம்பிக்கை உள்ளவர்கள். நம்பாதவன் என்ற பெயரை அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுமக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் அந்தச் சொல் இன்று வாயால் சொல்லக் கூடாத வசவு. அது எங்கள் வேதத்தின் மொழியிலிருந்து போன சொல் என்பதால் எனக்கு அதில் ஒரு பொறுப்பு இருப்பதாக உணர்கிறேன். மூர் என்ற பெயருக்கு நோகிற நான் காப்பிரி என்ற பெயருக்கும் நோக வேண்டும்.

பெயர் என்பது கௌரவத்தோடு நிற்பதில்லை, சட்டசபைக் கதிரையோடும் சம்பந்தப்பட்டது. 1888இல் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் மட்டும் முஸ்லிம்கள் என்று ஒரு ஆய்வுரை வெளியிட்டார். சட்டசபையில் சோனகருக்குத் தனி உறுப்பினர் வேண்டும் என்ற கோரிக்கை இருந்த காலம் அது. அடுத்த வருஷமே அந்த உறுப்பினர் நியமிக்கப்பட்டார். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ், எங்கள் மூதாதையர் அரபிகள் என்று இராமநாதனுக்கு மறுப்பு எழுதினார். இரண்டையும் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இருவரும் பேசியது பாட்டன்மாரைப் பற்றி, எண்ணியது பேரப்பிள்ளைகளை. பிறகு சோனகர் என்ற பெயரைப் பிடித்து நின்றவர் சேர் ராசிக் ஃபரீத். முஸ்லிம் என்ற பெயரைப் பிடித்து நின்றவர் ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்த ரீ. பி. ஜாயா. ஜாயா மலாய் இனத்தவர். சோனகர் என்று சொன்னால் அவருக்கு உள்ளே இடமில்லை, முஸ்லிம் என்று சொன்னால் எல்லோரோடும் உட்காரலாம். என் சிநேகிதியின் மாமி அகப்பையை நிறுத்தியது ஞாபகம் வரும்போது ஜாயாவின் பக்கம்தான் எனக்கு மனம் சாய்கிறது.

தமிழர் மட்டும் தப்பினார்களா? பிரிட்டிஷ்காரர் 19ஆம் நூற்றாண்டிலும் இந்த நாட்டுத் தமிழரை மலபாரிகள் என்றுதான் எழுதினார்கள். முதலில் கேரளக் கரையைக் கண்டவர்கள் வைத்த பெயர் அது. கண்டியில் மலபார் வீதி என்றே ஒரு தெரு இருந்தது. கூலி என்று நம் சொல் ஒன்று உலகம் சுற்றி, தோட்டத்தில் உழைத்தவர்களுக்கே இனப்பெயர் போலத் திரும்பி வந்தது. மலையகத் தமிழர் என்ற தங்கள் பெயரை எழுதவைக்க அந்த மக்கள் எவ்வளவு காலம் கேட்டிருக்கிறார்கள்.

நன்னூல் படிப்பிக்கும்போது, தமிழ் வழங்காத பிற நிலங்களைச் சொல்லும் பழைய வெண்பா ஒன்றை உரைகாரர் மேற்கோள் காட்டுவது வரும். "சிங்களம் சோனகம் சாவகம் சீனம்" என்று தொடங்கும். எத்தனையோ வகுப்பில் பலகையில் எழுதிப் பிள்ளைகளை ஒப்புவிக்கச் செய்திருக்கிறேன். அண்மையில்தான் அந்த வரியில் கை நின்றது. சோனகம் தமிழ் வழங்காத நிலம். அந்த நிலத்தின் பெயரைச் சுமந்த நான் தமிழில் கனவு காண்கிறேன், தமிழில் துஆ கேட்கிறேன், தமிழ் படிப்பித்துத்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. முன்வரிசையில் பஞ்சிகாவத்தையிலிருந்து வரும் பிள்ளை "சொல்லுங்க டீச்சர்" என்றாள். வரியை முடித்தேன்.

மகளுக்கு இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்த்திச் சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு ஒரு பழைய பயிற்சிக் கொப்பியைப் பாதியால் திருப்பி, கோடு கீறி, வகுப்புப் பிள்ளைகளின் பெயரை ஒரு பக்கத்தில் எழுதினாள். மற்றப் பக்கத்துக்குத் தலைப்பு: "ஊட்ல என்ன சொல்ற?" ஒவ்வொருவரிடமும் கேட்கப் போகிறாளாம், ஃபாரத்தில் இருப்பதை அல்ல, வீட்டில் சொல்வதை. போன கிழமை வரை பத்தொன்பது பேரிடம் கேட்டுவிட்டாள். மலாய்ப் பிள்ளை மெலாயு என்று எழுதச் சொல்லி, எழுத்துக் கூட்டியும் காட்டியிருக்கிறாள். ஒரு பிள்ளை உம்மாவிடம் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லி இன்னும் வரவில்லை. தன் பெயருக்கு நேரே என் மகள் முதலில் பென்சிலால் எழுதி, அழித்து, பேனையால் எழுதியிருந்தாள். "நம்மட ஆக்கள்."